மனையில் விழும் மழை எங்கே போகும்? கேள்வி பதில்

சென்னைப் புறநகரில் மனை வாங்கியவர்களும் வீடு கட்டிக்கொண்டிருப்பவர்களும் அனுப்பிய கேள்விகள் இவை. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

முடிச்சூர் வாசகர்: சார், ஒரு கிரவுண்டு மனை, சாலையை விட இரண்டடி பள்ளம். மனை முழுக்கச் சவுடு மண் கொட்டி, சாலைக்கு மேல் மூன்றடி உயர்த்திவிடலாம் என்கிறார் மேஸ்திரி. சரியா?

அந்த மூன்றடி எந்தக் கணக்கு என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள். சாலையை மட்டும் வைத்து உயரத்தை முடிவு செய்யக் கூடாது. பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டால் சாலையே ஏறிக்கொண்டு போகும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் தண்ணீர் எதுவரை நின்றது என்று பக்கத்து வீட்டுக்காரர்களைச் சுவரில் காட்டச் சொல்லுங்கள். உங்கள் பகுதியில் அதைக் காட்டத் தெரியாதவர் இருக்க மாட்டார். ஒரு சர்வேயரைக் கூப்பிட்டு ஆட்டோ லெவல் (உயர வித்தியாசம் அளக்கும் கருவி) வைத்து அந்த மட்டம், சாலையின் நடு மட்டம், சாலையோர வடிகாலின் அடிமட்டம் மூன்றையும் எடுங்கள். வெள்ள மட்டத்துக்கு மேல் ஓரடியாவது பேஸ்மட்டம் (வீட்டின் தரை மட்டம்) வரட்டும்.

மனை முழுவதையும் உயர்த்துவதை நான் ஒப்புக்கொள்வதில்லை. உங்களிடம் நின்ற தண்ணீர் பக்கத்து மனைக்குப் போகும், அடுத்த வருடம் அவரும் மண் கொட்டுவார். வீடு நிற்கும் இடத்தை மட்டும் உயர்த்திவிட்டு, சுற்றியுள்ள தரையைத் தாழ்வாகவே விட்டு, வடிகாலை நோக்கி வாட்டம் (சரிவு) கொடுங்கள். வடிகாலின் அடிமட்டம் உங்கள் தரையை விடக் கீழே இருந்தால் தண்ணீர் தானாக வடியும். இல்லையென்றால் சம்ப் (தரைக்கடித் தொட்டி) கட்டி மோட்டாரில்தான் ஏற்ற வேண்டும். இதை வரைபடம் போடும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். இன்னொன்று, கடைக்கால் (அஸ்திவாரம்) கொட்டிய மண்ணில் நிற்கக் கூடாது. கெட்டியான பழைய தரை வரை இறங்க வேண்டும்.

குரோம்பேட்டை வாசகர்: ஒரு கிரவுண்டுக்கு எவ்வளவு தண்ணீர் வரும்? நான்கு அங்குலக் குழாய் போதுமா?

ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி, அதாவது 223 சதுர மீட்டர். 10 செ.மீ. மழைக்கு 22,300 லிட்டர். 2015-இல் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. கொட்டியதே, அதற்கு ஒரு லட்சம் லிட்டருக்கு மேல்.

ஆனால் குழாயின் அளவை நிர்ணயிப்பது நாள் மழை இல்லை, அந்த ஒரு மணி நேரத்தின் வேகம். மணிக்கு 75 மி.மீ. வேகத்தில் பெய்தால் முழு மனைக்கும் நொடிக்கு நாலரை லிட்டர் சொச்சம். நீங்கள் கேட்ட நான்கு அங்குலம், அதாவது 110 மி.மீ. பிவிசி குழாய், நூற்றுக்கு ஒன்று வாட்டத்தில், நொடிக்கு ஆறு லிட்டருக்கு மேல் கொண்டுபோகும். காகிதத்தில் போதும். இலையும் மணலும் சேர்ந்தால் போதாது. தரைக்கடியில் போவதற்கு 160 மி.மீ. போடுங்கள், திருப்பத்துக்குத் திருப்பம் சேம்பர் (திறந்து சுத்தம் செய்யும் சிறு தொட்டி) வையுங்கள்.

வேளச்சேரி வாசகர்: மழைநீர் சேகரிப்புக் கிணறு போட்டிருக்கிறோம். மழை தொடங்கிய இரண்டாம் வாரமே நிரம்பி வழிகிறது. ஏமாற்றிவிட்டார்களா?

உங்கள் மண் அப்படி, சார். திருவான்மியூர், பெசன்ட் நகர் மணலில் உறை கிணறு குடித்துக்கொண்டே இருக்கும். உங்கள் பக்கம், பள்ளிக்கரணை வரை, களிமண். அதிலும் கார்த்திகையில் நிலத்தடி நீர் மேலே ஏறி நிற்கும்போது கிணற்றுக்குள் இடமே இருக்காது. ஓரடி அகலம், மூன்றடி ஆழத்தில் ஒரு குழி வெட்டி, ஒரு நாள் தண்ணீர் விட்டு ஊற வைத்து, மறுநாள் நிரப்பிப் பாருங்கள். ஒரு மணி நேரத்தில் ஒரு விரற்கடை கூட இறங்காவிட்டால், கிணற்றை நம்பாதீர்கள். மாடி நீரை வடிகட்டி முதலில் சம்ப்புக்கு விடுங்கள், மிஞ்சுவது கிணற்றுக்கு, அதிலும் மிஞ்சுவது வடிகாலுக்கு. கிணறு இருக்கிறது என்பதற்காக வழிந்தோடும் குழாயை விட்டுவிடுகிறார்கள், அதுதான் பிரச்சினை.

பெயர் வேண்டாம் என்ற வாசகர்: மூன்று ஏக்கரில் லேஅவுட் போடுகிறோம். முன்பு நெல் வயல். ஓரமாக ஒரு வாய்க்கால் போகிறது, கோடையில் வறண்டு கிடக்கும். அதை மூடிக் குழாய் போட்டால் இரண்டு மனை கூடும்.

மூடாதீர்கள். வருவாய்த் துறையின் புலப்படத்தையும் (நில அளவை வரைபடம்) ‘அ’ பதிவேட்டையும் (கிராம நிலப் பதிவேடு) பாருங்கள். வாய்க்கால் என்று இருந்தால் அது உங்கள் சொத்தே இல்லை. அந்த வாய்க்கால் உங்கள் மூன்று ஏக்கருக்காக மட்டும் ஓடவில்லை. மேலே இருக்கும் ஏரியின் உபரியும் அதில் வரலாம். உங்கள் மனையின் அளவை வைத்து வாங்கிய குழாய் அதற்கு எப்படிப் போதும்?

உங்கள் லேஅவுட்டின் தண்ணீரும் கூடப்போகிறது. மூன்று ஏக்கர் என்பது 1.2 ஹெக்டேர். வயலாக இருந்தபோது மழையில் சுமார் 30 சதவீதம் ஓடியிருக்கும் என்று வைப்போம். வீடும் சாலையும் வந்தபின் 70 சதவீதம். மணிக்கு 75 மி.மீ. மழைக்கு முன்பு நொடிக்கு 75 லிட்டர், இனி 175. கூடுதலாக வரும் 100 லிட்டரை ஒரு மணி நேரம் பிடித்து வைக்க 360 கன மீட்டர் இடம் வேண்டும். 10,000 சதுர மீட்டரைத் தாண்டிய லேஅவுட்டில், சாலை போக மீதி நிலத்தில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக, அதாவது பூங்காவாக, எப்படியும் விட வேண்டும். சாலைக்குக் கால் பங்கு போனால், உங்களுக்கு அது சுமார் 900 சதுர மீட்டர். அந்தப் பூங்காவை 40 செ.மீ. தாழ்த்திவிட்டால் 360 கன மீட்டர் கிடைத்துவிட்டது! சிறிய வாய் வைத்து மெதுவாக வாய்க்காலுக்கு வெளியேற்றுங்கள். பூங்கா உள்ளாட்சிக்குத் தானமாகப் போகிற இடம் என்பதால், அனுமதி வாங்கும்போதே வரைபடத்தில் காட்டி ஒப்புதல் பெறுங்கள். இரண்டு மனைக்காக யோசிக்கும் நேரத்தை இதற்குச் செலவிடலாம்.

பெரும்பாக்கம் வாசகி: பேவர் பிளாக் போட்டால் தண்ணீர் உள்ளே இறங்கும்தானே?

அடியில் கான்கிரீட் போட்டால் இறங்காது. மணலும் ஜல்லியும்தான் அடியில் இருக்க வேண்டும்.

மடிப்பாக்கம் வாசகர்: பெருமழையில் சாலை வடிகாலிலிருந்து தண்ணீர் எங்கள் குழாய் வழியாக உள்ளே வருகிறது. அப்புறம், மழைநீரைக் கழிவுநீர் மேன்ஹோலில் விட்டால் தீருமா?

ஒருவழி வால்வு போட்டால் உள்ளே வருவது நிற்கும். ஆனால் அது மூடியிருக்கும் நேரத்தில் உங்கள் தண்ணீரும் வெளியே போகாது. அதற்குச் சம்ப்பும், மின்சாரம் போனாலும் ஓடும் மோட்டாரும் வேண்டும். மேன்ஹோலில் விடவே கூடாது. கழிவுநீர்க் குழாய் மழைக்காகப் போட்டதல்ல. தெருவில் நாலு வீடு அப்படிச் செய்தால், பள்ளத்தில் இருக்கும் வீட்டின் தரைத்தளக் கழிப்பறையில்தான் முதலில் எதிர்த்து வரும். உங்கள் வீடு பள்ளத்தில் இருக்கிறது.