ராச்செஸ்டரின் கரகரப்பு

கே: பழைய அமெரிக்க வானொலியில் நகைச்சுவை நடிகர் ஜாக் பென்னியின் நிகழ்ச்சியைக் கேட்டு வருகிறேன். வேலைக்காரர் ‘ராச்செஸ்டர்’ ஆக வரும் எடி ஆண்டர்சனின் கரகரத்த குரல் இயற்கையானதா? தொண்டை கட்டும்வரை கத்திப் பழகினால் எனக்கும் வருமா?
- மிமிக்ரி மாணவர், கும்பகோணம்

ப: தயவுசெய்து கத்தாதீர்கள். அது பழகி வந்த குரல் இல்லை, காயம்பட்ட குரல். சிறுவனாக இருந்தபோது சகோதரரோடு சான்பிரான்சிஸ்கோ தெருமுனையில் பத்திரிகை விற்றார். உரக்கக் கூவினால்தான் அதிகம் விற்கும் என்று நம்பிக் கூவியதில் குரல்நாண்கள் நிரந்தரமாகக் கெட்டன. உங்களுக்குக் குரல் கம்மி மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால், பயிற்சியை நிறுத்திவிட்டுக் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.

அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது நேரக்கணக்கு. அதைக் கற்றது வோடவில் மேடையில். பாட்டு, ஆட்டம், வித்தை என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும் கதம்ப நிகழ்ச்சி அது. கிடைக்கிற சில நிமிடங்களுக்குள் கூட்டத்தைப் பிடித்தாக வேண்டும். அப்பா மின்ஸ்ட்ரல் எனப்படும் பாட்டும் நகைச்சுவையும் கலந்த பழைய அமெரிக்க மேடை நிகழ்ச்சிக் கலைஞர், அம்மா சர்க்கஸில் கயிற்றின்மேல் நடந்தவர். எடியும் பதின்வயதிலேயே மேடை ஏறிவிட்டார்.

1937 மார்ச் 28 அன்று பென்னியின் நிகழ்ச்சியில் ரயில் போர்ட்டராக ஒரே ஒரு தடவை வந்துபோகத்தான் அழைத்தார்கள். நேயர்களுக்குப் பிடித்துப்போகவே திரும்ப அழைத்து, நிரந்தரப் பாத்திரமாக்கினார்கள். வானொலியில் முகம் கிடையாது. பேசுவது யாரென்று முதல் சொல்லிலேயே தெரிய வேண்டும். அந்தக் கரகரப்பு அதைச் செய்தது. ஆனால் சிரிப்பை வரவழைத்தது கரகரப்பு மட்டும் இல்லை. ஸ்டூடியோவில் சிரிப்பு எழுந்து தணியத் தொடங்கும்வரை காத்திருந்து அடுத்த வரியைப் போடுவார். முந்தினால் வரி சிரிப்பில் மூழ்கிவிடும், பிந்தினால் சூடு ஆறிவிடும். அவர் பேசுகிற ஒரு தொலைபேசிக் காட்சியை எடுத்து, இடைவெளிகளை மட்டும் தாளம்போட்டுப் பழகுங்கள். குரலை உங்கள் சொந்தக் குரலாகவே விடுங்கள்.

கே: எந்த வருட நிகழ்ச்சிகளிலிருந்து தொடங்கலாம்?
- வாசகி, திருநெல்வேலி

ப: 1937லிருந்து வேண்டாம். எடி கறுப்பினத்தவர். ஆரம்ப வருடங்களில் சூதாட்டம், ஜின் மது, சோம்பல் என்று கறுப்பினத்தவரைக் கேலிசெய்யும் வழக்கமான நகைச்சுவை நிறைய. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அவற்றைப் பெருமளவு விலக்கினார்கள். 1946க்குப் பிந்தையவற்றில் முதலாளியை மடக்குகிற புத்திசாலியாகவே ராச்செஸ்டர் வருகிறார். 1950 பிப்ரவரியில் ஒன்று மட்டும் விதிவிலக்கு: பழைய எழுத்துப்பிரதியை மறுபடி பயன்படுத்தியதால் பழைய கேலியும் திரும்பியது, நேயர்களிடமிருந்து கண்டனம் குவிந்தது.

திரையில் 1943இன் ‘கேபின் இன் தி ஸ்கை’யை அவசியம் பாருங்கள், அதில் அவர்தான் கதாநாயகன். 1945இல் ‘புரூஸ்டர்ஸ் மில்லியன்ஸ்’ படத்துக்கு மெம்ஃபிஸ் நகரத் தணிக்கையாளர்கள் தடை போட்டார்கள். அவர் நடித்த வேலைக்காரர் வெள்ளையரோடு சரிசமமாகப் பழகுகிறாராம்! அவர் நடிப்பின் கண்ணியத்துக்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

கார்ட்டூன் குரலுக்கு இரண்டு: 1959இல் வந்த ‘தி மவுஸ் தட் ஜாக் பில்ட்’, இதில் பென்னி குழுவினரே எலிகளுக்குக் குரல் கொடுத்தார்கள். அடுத்தது 1970இல் தொடங்கிய, அதே பெயருள்ள கூடைப்பந்துக் குழுவைப் பற்றிய ‘ஹார்லம் குளோப்டிராட்டர்ஸ்’ தொடர். பாபி ஜோ மேசன் பாத்திரம் பேசுவதைக் கேளுங்கள், அதே கரகரப்புதான்.