மூலிகைச் சாறு, நானோ வெள்ளி, ஹைட்ரோஜெல்: கேள்வி பதில்

பார்மசி மாணவி: வேப்பிலைச் சாற்றில் வெள்ளி நைட்ரேட் விட்டுச் செய்த வெள்ளி நானோ துகளை (மிக நுண்ணிய வெள்ளித் துகள்) கார்போபோல் ஜெல்லில் கலந்ததும் தண்ணீராகிவிடுகிறது சார்.

பதில்: ஜெல்லைக் கெட்டியாக்கும் பாலிமரான கார்போபோலுக்கு உப்பு ஆகாதும்மா. அதன் சங்கிலிகள் ஒரே மின்னூட்டத்தால் ஒன்றையொன்று தள்ளி விரிந்து நிற்பதால்தான் ஜெல் கெட்டியாகிறது. உப்பின் அயனிகள் வந்ததும் சுருண்டுவிடும். மிச்சமிருக்கும் வெள்ளி நைட்ரேட்டும் இலை உப்புகளும்தான் உங்கள் வில்லன்கள். சென்ட்ரிஃபியூஜில் சுற்றி, காய்ச்சி வடித்த நீரில் இரண்டு மூன்று முறை கழுவிவிட்டுக் கலந்து பாருங்கள். ஜெல்லைக் கெட்டிப்படுத்த விடும் காரமான ட்ரைஎத்தனாலமைனைக் கடைசியில், சொட்டுச் சொட்டாக விடுங்கள். அப்படியும் சரிவராவிட்டால் எச்பிஎம்சி என்ற செல்லுலோஸ் வகை ஜெல் பொருளுக்கு மாறலாம். அதற்கு மின்னூட்டம் இல்லை, கொஞ்சம் உப்பைத் தாங்கும்.

இன்னொருவர்: குழாய்த் தண்ணீரில் சாறு எடுத்தேன், வெள்ளி நைட்ரேட் விட்டதும் வெள்ளையாகக் கலங்குகிறது.

பதில்: குழாய்த் தண்ணீரிலுள்ள குளோரைடு வெள்ளியோடு சேர்ந்துவிட்டது. கொட்டிவிட்டு வடிநீரில் செய்யுங்கள்.

எம்.எஸ்சி. மாணவர்: கரைசல் பழுப்பாகிவிட்டது. நானோ துகள் உருவானதாக எழுதலாமா?

பதில்: நிறத்தை மட்டும் நம்பி எழுதாதீர்கள். யுவி-விசிபிளில் (ஒளி உறிஞ்சுதலை அளக்கும் கருவி) 400 முதல் 450 நானோமீட்டருக்குள் முகடு வர வேண்டும். எக்ஸ்ஆர்டியும் (படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ்-கதிர்ச் சோதனை) எடுங்கள். அதில் முகடு 38 டிகிரி அருகே வந்தால் வெள்ளி. 32 டிகிரியில் ஓங்கி நின்றால் நீங்கள் செய்தது வெள்ளி குளோரைடு.

அதே மாணவர்: துளசியில் செய்தால்? குப்பைமேனியில்?

பதில்: மேலே பார்க்கவும்.

ஆய்வு மாணவர்: வெட்டுக்காயப்பூண்டு ஜெல்லுக்கு ஈ.கோலை பாக்டீரியாத் தட்டில், கிருமி வளராத நல்ல வளையம் வந்தது. மூலிகையின் சக்திதானே?

பதில்: கன்ட்ரோல் (ஒப்பிட வைக்கும் மாதிரி) எங்கே? வெறும் ஜெல், வெறும் சாறு, அதே அளவு வெள்ளியுள்ள வெள்ளி நைட்ரேட், மூன்றும் அதே தட்டில் இருந்ததா?

மாணவர்: பாட்டி காலத்திலிருந்தே காயத்துக்குக் கசக்கி வைக்கிற இலை சார் அது!

வேறொருவர்: இயற்கையானது, பக்கவிளைவும் இல்லை.

பதில்: பாட்டி வைத்தது இலை, நீங்கள் வைப்பது வெள்ளி. கிருமியைக் கொல்லும் வெள்ளி, காயத்தை ஆற்ற வரும் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்லையும் கொல்லும். 1968 முதல் தீக்காயத்துக்குப் பூசப்படும் சில்வர் சல்ஃபாடயசின் மீதே, காயம் ஆறுவதைத் தாமதப்படுத்துகிறது என்ற புகார் உண்டு. இலைச்சாறு சேர்ந்தால் மட்டும் வெள்ளி சாதுவாகிவிடுமா? எல்929 செல்களில் (ஆய்வகத்தில் வளர்க்கும் எலி ஃபைப்ரோபிளாஸ்ட்) சோதியுங்கள். செல் நச்சுச் சோதனைக்கான ஐஎஸ்ஓ 10993-5 தரநிலைக் கணக்கில் 30 சதவீதத்துக்கு மேல் உயிர்ப்பு குறைந்தால் அது நச்சு. அப்புறம், கெட்டி ஜெல் அகாரில் (தட்டில் கிருமி வளரும் ஊடகம்) மெதுவாகத்தான் பரவும். வளையம் சிறிது என்பதாலேயே ஜெல் மோசம் என்றாகாது, பெரிது என்பதால் மருந்தும் ஆகிவிடாது.

மாணவர்: சரி சார், வெள்ளி நைட்ரேட் தட்டும் வைக்கிறேன்.

ஒரு வாசகி: அப்பாவுக்குச் சர்க்கரைப் புண். வீட்டில் செய்து பூசலாமா?

பதில்: கூடவே கூடாது. இன்றே டாக்டரிடம் காட்டுங்கள்.

கடைசிக் கேள்வி: வைத்திருந்த ஜெல் கறுக்கிறது.

பதில்: வெளிச்சம் படுகிறது, அல்லது துகள்கள் ஒட்டித் திரள்கின்றன. பழுப்புக் குப்பியில் வையுங்கள், வாரம் ஒருமுறை யுவி எடுங்கள். முகடு அகன்று வலப்பக்கம் (நீண்ட அலைநீளம் நோக்கி) நகர்ந்தால் திரண்டுவிட்டது என்று அர்த்தம்.