மூன்று தீபாவளிக் கணக்கு

கேள்வி: பழைய வண்ணாரப்பேட்டையில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் டீக்கடை பெஞ்சில் சினிமா ரசிகர்கள் ஏழெட்டுப் பேர் கூடுவோம். எந்தப் புதுப் படத்தைப் பற்றிப் பேச்செடுத்தாலும், 70 வயதுப் பெரியவர் ஒருவர், "ஹரிதாஸ் பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்டது, உங்கள் படம் மூன்று வாரம் தாண்டுமா?" என்று கேட்டு எங்கள் வாயை அடைத்துவிடுகிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது?
— வாசகர், சென்னை-21

பதில்: 70 வயது என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் என் கண் நின்றுவிட்டது. ஹரிதாஸ் வெளியானது 1944 தீபாவளிக்கு. அம்மா மடியில் உட்கார்ந்து பார்த்திருந்தால்கூட அவருக்கு இப்போது 80 தாண்டியிருக்க வேண்டும். கதை புரிகிற வயதில் பார்த்திருந்தால் 90. அதில் ரம்பாவாக வந்த டி.ஆர். ராஜகுமாரியைப் பார்க்க வேண்டிய விதத்தில் பார்த்திருந்தால் 100ஐ நெருங்கியிருப்பார். அப்படிப்பட்டவரை டீக்கடை பெஞ்சில் உட்கார வைத்திருப்பது உங்கள் குற்றம், மாநகராட்சியே வந்து மாலை போட வேண்டிய ஆள். 70தான் என்றால், அந்தப் படம் பிராட்வேயை விட்டுப் போன பிறகுதான் அவர் தொட்டிலுக்கே வந்திருக்கிறார். அவர் உங்களிடம் பெருமையடிப்பது அவருடைய அப்பாவின் தீபாவளியைப் பற்றி. வீடு, நகை என்றால் வாரிசுக்கு வரும். பார்த்த படம் வராது.

ஆனால் தகவலில் பிழையில்லை. 1944, 1945, 1946 என்று மூன்று தீபாவளிகளைப் பிராட்வேயில் அந்தப் படம் பார்த்தது. அதில் இரண்டாவது, மூன்றாவது தீபாவளிகளின்போது கதாநாயகன் தியாகராஜ பாகவதர் எங்கே இருந்தார் என்று பெரியவரிடம் கேளுங்கள். சிறையில்! படம் வெளியாகி ஒரு மாதம் ஆவதற்குள் வேப்பேரியில் ரிக்‌ஷாவில் போன லட்சுமிகாந்தன் குத்தப்பட்டார். அந்தக் கொலை வழக்கில் டிசம்பரில் பாகவதர் கைதானார், படத்தில் நகைச்சுவை செய்த என்.எஸ். கிருஷ்ணனும் கைதானார். இருவரும் வெளியே வந்தது 1947இல். இன்றைய நாயகர்கள் வெளியில்தான் இருக்கிறார்கள், பாடல் வெளியீட்டு விழாவில் கதையெல்லாம் சொல்கிறார்கள், அப்படியும் படம் பத்து நாளில் சுருண்டுவிடுகிறது.

குத்துப்பட்டு இறந்த லட்சுமிகாந்தன் ஒரு பத்திரிகை ஆசிரியர் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நடிகர் நடிகையரின் அந்தரங்கத்தை எழுதியே 'இந்துநேசன்' விற்றவர். 'அந்த நடிகைக்கு விவாகரத்தாமே, உண்மையா?' என்று வாரம் தவறாமல் கடிதம் போடும் வாசகர்கள் கவனிக்கவும். உங்கள் கடிதங்கள் குப்பைக்கூடைக்குப் போவதற்கு என் ஒழுக்கம் மட்டுமே காரணமில்லை.

சரி, ஏன் அத்தனை நாள் ஓடியது? பாகவதரின் குரல் முதல் காரணம், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அது போர்க்காலமும்கூட. கச்சா பிலிமுக்குக் கட்டுப்பாடு. படம் 11,000 அடியை, அதாவது சுமார் இரண்டு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று சர்க்கார் உத்தரவு. புதுப் படங்கள் சொற்பம். பிடித்த படத்தை இன்னொரு முறை பார்க்க வேண்டுமானால் இன்னொரு முறை டிக்கெட் எடுப்பதைத் தவிர வேறு வழியும் கிடையாது. இன்றோ ஆண்டுக்கு 200க்கு மேல் தமிழ்ப் படங்கள் வருகின்றன. பெரிய நடிகரின் படம் முதல் நாளே நூற்றுக்கணக்கான திரைகளில் போடப்படுகிறது. ஊர் முழுக்க மூன்று நாளில் பார்த்து முடித்துவிட்டால், நான்காவது வாரத்துக்கு ஆள் எங்கிருந்து வருவார்?

அந்த 11,000 அடி உத்தரவை மட்டும் யாராவது திரும்பக் கொண்டுவந்தால் அவருக்கு என் செலவில் கோயில் கட்டுவேன். இரண்டு மணி நேரத்தில் சொல்லி முடிக்க முடியாத கதை எதையும் நான் இன்னும் பார்க்கவில்லை. இதை ஒருமுறை இதே பக்கத்தில் எழுதியதற்காக ஓர் இயக்குநர் என்னுடன் பேசுவதை நிறுத்திக்கொண்டார். அடுத்த படத்தை மூன்றேகால் மணி நேரத்துக்கு எடுத்துப் பழியும் தீர்த்துக்கொண்டார்.

நாள் கணக்கு எவ்வளவு பொய்யானது என்பதற்கு உங்கள் பேட்டையிலேயே சாட்சி இருக்கிறது. வட சென்னைக் குத்துச்சண்டைப் படமான சார்பட்டா பரம்பரை 2021இல் நேராக ஓடிடியில் வெளியானது. தியேட்டர் கணக்கில் அது ஓடிய நாள் பூஜ்யம். ஆனால் அதில் வரும் குத்துச்சண்டைக்காரர் டான்சிங் ரோஸ் வளையத்துக்குள் கால்களைத் தூக்கித் தூக்கி வைத்து ஆடுவதை, வண்ணாரப்பேட்டையில் பள்ளிக்கூடத்துப் பிள்ளை நடித்துக்காட்டுவானா மாட்டானா? பெரியவரின் தராசில் இந்தப் படத்தை எந்தத் தட்டில் வைப்பது? 100 நாள் போஸ்டர் ஒட்டுவதற்காகக் கடைசி வாரங்களில் மன்றத்துக்காரர்களே கைக்காசு போட்டு டிக்கெட் எடுத்த கதைகளை, மிண்ட் கிரவுன் தியேட்டரில் சிவாஜி படம் பார்த்து வளர்ந்தவர்கள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். அவரிடமும் ஒன்றிரண்டு இருக்கும், கேட்டுப் பாருங்கள்.

உங்கள் கட்சியையும் நான் விடப்போவதில்லை. அவர் தீபாவளியை எண்ணினால் நீங்கள் கோடியை எண்ணுகிறீர்கள். டீ ஆறுவதுகூடத் தெரியாமல் ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு, முதல் நாள் வசூல், வெளிநாட்டு வசூல், பங்குத்தொகை என்று வருமான வரி அதிகாரி போலப் பேசுகிறீர்கள். தயாரிப்பாளரின் லாபத்தில் உங்களுக்கு என்ன பங்கு? படத்தில் எந்தக் காட்சி பிடித்தது என்று கேட்டால் மட்டும் 'செம்மையாக இருந்தது' என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது.

ஆகவே பதில் இதுதான். ஹரிதாஸ் யூடியூபில் கிடைக்கிறது, இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். 'மன்மத லீலையை' பாட்டின் நடுவே பாகவதர் பாடுவதை நிறுத்திவிட்டு 'ரம்பா' என்று கூப்பிடும் இடத்தைப் பாருங்கள். அதைப் பற்றி அரை மணி நேரம் பேசலாம். அந்த ஒரு அழைப்புக்கு இணையாக, கொஞ்சலும் கர்வமும் கலந்து பேசத் தெரிந்த நடிகர் இன்று யார் என்று சண்டையே போடலாம். பெரியவரையும் கூட உட்கார வைத்துக்கொள்ளுங்கள். அவரும் முதல் முறையாகப் பார்ப்பார் என்பது என் சந்தேகம்.

எங்கே உட்கார்ந்து பார்ப்பது என்பது வேறு விஷயம். 1,000 பேருக்கு மேல் உட்காரக்கூடிய தண்டையார்பேட்டை அகஸ்தியா தியேட்டர் 1967இல் திறந்தது, 2020இல் மூடியது. கிரவுன் போயிற்று, பிராட்வே போயிற்று. கொட்டகைகள் குறையக் குறைய, வட சென்னையைக் கதைக்களமாக வைத்து எடுக்கும் படங்கள் மட்டும் பெருகிக்கொண்டே போகின்றன. எல்லாவற்றிலும் ஒரு துறைமுகம், ஒரு சந்து, சந்தில் ஒருவன் கையில் கத்தி. கேரம் பலகையைக் காட்டினாலும் அடுத்த காட்சியில் அதன்மேல் ரத்தம் சிந்தப்போகிறது என்று அர்த்தம். 2024இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்றாரே காசிமா, அவர் புது வண்ணாரப்பேட்டைக்காரர், ஆட்டோ ஓட்டுநரின் மகள். அந்தப் பலகையில் விழுவது காய் மட்டும்தான். அந்தக் கதையை யார் ஒழுங்காக எடுத்தாலும் முதல் காட்சிக்கு என் காசில் டிக்கெட் வாங்குகிறேன். மூன்று மணி நேரம் எடுத்திருந்தால் மட்டும் இடைவேளையில் எழுந்து வந்துவிடுவேன்.