பேட்டரி மாத்த லேப்டாப்பையே குடுத்து அனுப்பணுமா?

கேள்வி: கோத்தகிரியில இருக்கேன் சார். பையன் படிப்புக்கு செகண்ட்ஹேண்ட்ல வாங்கின டெல் லாட்டிட்யூட் இ6430, சார்ஜர உருவினா பத்து நிமிஷத்துல ஆஃப் ஆயிடுது. இங்க ஒருத்தர், "இதுக்கு பேட்டரியே வர்றதில்ல, லேப்டாப்ப குடுங்க, கோயம்புத்தூர்ல ஒரிஜினல் போட்டுத் தர்றேன், 4,500 ரூபா"ங்கறாரு. குடுக்கலாமா?

பதில்: குடுக்காதீங்கம்மா. அந்த மாடல்ல ஆஃப் பண்ணி, சார்ஜர உருவி, கவுத்துப் போட்டு லாட்ச்ச தள்ளினா பேட்டரி கையோட வந்துரும், ஸ்க்ரூடிரைவர்கூட வேணாம், அப்புறம் எதுக்கு முழு லேப்டாப்பும் மலை இறங்கணும்? அப்படி இறங்கிப் போனது ரெண்டு ரேம்ல ஒண்ணு இல்லாம, வேகமான எஸ்எஸ்டி டிஸ்க்க கழட்டிட்டு பழைய ஹார்டுடிஸ்க் மாட்டி திரும்பி வந்தத நான் நிறைய பாத்துட்டேன், கேட்டா "கடையில குடுத்ததுதான்"னு கைய விரிச்சுருவாங்க.

பேட்டரிய கழட்டி அதுல ஒட்டியிருக்கற ஸ்டிக்கர போட்டோ எடுங்க. டைப்னு போட்டு ஒரு நம்பர் இருக்கும், டி54எஃப்ஜே மாதிரி. அத வச்சுத்தான் தேடணும், மாடல் பேர வச்சு இல்ல. டி54எஃப்ஜே பேட்டரி இ6420, இ5430க்கும் சேரும், ஆனா இ6430எஸ்னு கடைசியில ஒரே ஒரு எழுத்து கூடினா அதுக்கு வேற பேட்டரி.

வோல்ட்டேஜ்ல நிறைய பேர் பயப்படறாங்க. பழசுல 11.1, புதுசுல 10.8னு இருந்தா பரவால்ல, உள்ள மூணு செல் வரிசையா இருக்கு, ஒரு செல்ல 3.7னு கணக்கு பண்ணினா 11.1, 3.6னு பண்ணினா 10.8, ரெண்டும் ஒண்ணுதான், தைரியமா போடலாம். 14.8னு இருந்தா நாலு செல் வரிசை, அத வாங்காதீங்க.

எம்ஏஎச்ங்கறது எவ்வளவு சார்ஜ் தாங்கும்ங்கற கணக்கு. ஆறு செல் பேட்டரிக்கு 8800 எம்ஏஎச்னு போட்டிருந்தா பச்சைப் பொய். ஆறு செல்லுன்னா அந்த வரிசையில ஒவ்வொரு இடத்துலயும் ரெண்டு ரெண்டா மூணு ஜோடி, அப்ப செல்லு ஒவ்வொண்ணும் 4400 தாங்கணும், அந்த சைஸ்ல அப்படி ஒரு செல்லே கிடையாது. 4400, 5200னு போட்டிருக்கறது நம்பற கணக்கு.

"ஒரிஜினல்"ங்கற பேச்சுக்கும் மயங்காதீங்க. 2012ல வந்த மாடல், அப்ப செஞ்ச ஒரிஜினல் இன்னிக்கி கடையில கிடைச்சாலும் சும்மா கிடந்தே பாதி செத்திருக்கும். புதுசா செஞ்ச கம்பாட்டிபிள், அதாவது வேற கம்பெனி இதுக்கு பொருந்தற மாதிரி செஞ்ச பேட்டரி, பில்லும் ஒரு வருஷ வாரண்டியும் இருந்தா அதுவே மேல். ஆன்லைன்லயே வாங்கிக்கலாம், மலைக்கு வர நாலு நாள் கூட ஆனாலும் பரவால்ல, பார்சல பிரிக்கறப்ப வீடியோ எடுத்து வச்சுக்கோங்க.

கம்பெனி சர்வீஸ்ல கேட்டா பழைய மாடலுக்கு பார்ட்ஸ் இல்ல, புதுசு வாங்குங்கம்பாங்க. ரிப்பேர் உரிமைக்குன்னு மத்திய அரசு 2022 டிசம்பர்ல போர்ட்டல் தொறந்துச்சு, நல்லதுதான், ஆனா பார்ட்ஸ் குடுத்தே ஆகணும்னு கம்பெனிய கட்டிப்போட சட்டம் வராம போர்ட்டல் மட்டும் என்ன பண்ணும்? அந்த ஓட்டையிலதான் இந்த புரோக்கருங்க பொழைக்கறாங்க.

ஆர்டர் போடறதுக்கு முன்னாடி ஒண்ணு. ஆன் பண்ணின உடனே எஃப்2 அழுத்தினா, விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடி பயாஸ்னு ஒரு செட்டிங்ஸ் திரை வரும், அதுல பேட்டரி நிலைமையும் சார்ஜர் எத்தன வாட்ஸ்னும் காட்டும். சார்ஜர் தெரியலன்னு காட்டினா அது டூப்ளிகேட்டா இருக்கலாம், இல்ல பின்னுல கோளாறு, புது பேட்டரி போட்டாலும் சார்ஜ் ஏறாது, மொதல்ல சார்ஜர மாத்துங்க.