பட்டாவில் இருப்பது ஜாக்சனின் கையெழுத்தா?

கேள்வி: ஒஹையோவில் வசிக்கிறேன். இங்கே ஒரு பழம்பொருள் கடையில் 1835-ம் வருடத்து நிலப் பட்டா ஒன்றைப் பார்த்தேன். பதப்படுத்திய தோலில் எழுதியது. கீழே ‘ஆண்ட்ரூ ஜாக்சன்’ என்று கையெழுத்து. அப்போதைய அமெரிக்க அதிபரே கைப்படப் போட்டது என்று சொல்லிப் பெரிய விலை கேட்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: அந்த விலைக்கு வேண்டாம். பட்டாவை நான் பார்க்கவில்லை. ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் தேதியே போதும்.

அரசு நிலத்தை யார் வாங்கினாலும் அந்தப் பட்டாவில் அதிபர் கையெழுத்துப் போட வேண்டும் என்பதுதான் ஆரம்ப கால நடைமுறை. ஜாக்சன் காலத்தில் நில விற்பனை மளமளவென்று ஏறியது. கையெழுத்துக்காகப் பட்டாக்கள் மலைபோலக் குவிந்தன. அதனால் 1833 மார்ச் 2-ம் தேதி ஒரு சட்டம் வந்தது: அதிபரின் பெயரை அவர் சார்பில் ஒரு செயலாளரே எழுதலாம். பட்டாக்களில் வழக்கமாகத் தன் கையால் கையெழுத்திட்ட கடைசி அதிபர் ஜாக்சன்தான்.

அடுத்த முறை போகும்போது ஒரு லென்ஸ் கொண்டுபோங்கள். அதிபர் பெயருக்கு நேர் கீழே ‘பை’ (By, அதாவது ‘இவர் மூலம்’) என்று தொடங்கி இன்னொருவர் பெயர் சின்னதாக இருக்கும். இரண்டு வரியும் ஒரே மை, ஒரே சாய்வு, ஒரே கை என்பது தெரியும். ஜாக்சன் கையெழுத்து பெரியது, அழுத்தமானது. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் குழப்பமே வராது.

இதைப் போலி என்று சொல்லிவிடாதீர்கள். பட்டா அசலாகத்தான் இருக்கும். யாரோ ஒரு குடியானவர் காடு திருத்திய நிலத்துக்கான பத்திரம் அது. அந்த மதிப்புக்குத் தந்தால் சந்தோஷமாக வாங்கலாம். நில மேலாண்மைத் துறையின் இணையதளத்தில் வாங்கியவர் பெயரைப் போட்டால் எந்த நிலம் என்பதும் கிடைக்கும். ஆனால் அங்கே தெரிவது எழுத்தர்கள் பதிவேட்டில் எழுதிய நகல். அதிலுள்ள கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பயனில்லை.

அதிபர் கைப்பட்டதுதான் வேண்டுமென்றால் 1833-க்கு முன்னால் போங்கள். நீங்கள் இருக்கும் இடமே அதற்கு வாகானது. சுதந்திரப் போரில் சண்டையிட்ட வீரர்களுக்கு ஒஹையோவில் நிலம் கொடுத்தார்கள். ஜெஃபர்சன் அதிபராக இருந்தபோது (1801–1809) வெளியுறவு அமைச்சராக இருந்து பின்னால் அதிபரான மேடிசனும் சேர்ந்து கையெழுத்திட்ட பட்டாக்கள் இன்றும் விற்பனைக்கு வருகின்றன. ஒரே தோலில் இரண்டு அதிபர்கள்! எனக்கு ரொம்பப் பிடித்த வகை இதுதான்.

அதிலும் கவனம் வேண்டும். பழைய தாள் என்பது மட்டும் சாட்சியாகாது. 19-ம் நூற்றாண்டில் ராபர்ட் ஸ்ப்ரிங் என்ற மோசடிக்காரர் பழைய தாளிலேயே வாஷிங்டன் கையெழுத்தைப் போட்டு விற்றார். இறகுப் பேனா அழுந்தும் இடத்தில் அதன் முனை விரியும். கோட்டின் இரு ஓரமும் சில சமயம் நடுவைவிடக் கருத்திருக்கும். அச்சடித்த நகலில் அது வராது. பழைய தாளில் புதிதாக எழுதினால் பெரும்பாலும் மை ஓரங்களில் கசியும்.

அப்புறம், மை எவ்வளவு மங்கியிருக்கிறது என்று பாருங்கள். என்னிடம் அதிபர் ஜேம்ஸ் மன்றோ கையெழுத்திட்ட பட்டா ஒன்று இருக்கிறது. முன்பு வைத்திருந்தவர் ஃபிரேம் போட்டு ஜன்னலுக்கு எதிரே மாட்டியிருந்தாராம். இப்போது ‘ஜேம்ஸ்’ மட்டும்தான் படிக்க முடிகிறது. வாங்கினால் வெயில் படாத அறையில், அமிலமில்லாத உறையில் வையுங்கள். லேமினேஷன், செலோடேப் இரண்டையும் பக்கத்திலேயே சேர்க்காதீர்கள்.