மைனஸில் போகத் தெரிய வேண்டும்

கேள்வி: பணமே இல்லாமல் உறுப்பினர்களுக்குள் வேலைக்கு வேலை மாற்றிக்கொள்ளும் சங்கங்கள் வெளிநாட்டில் உண்டாமே? எங்கள் குடியிருப்பிலும் தொடங்கலாம் என்று பேச்சு. ஒருவர் வாங்கிக்கொண்டே இருந்துவிட்டுக் கம்பி நீட்டினால்?
- ஒரு வாசகி, ஸ்ரீரங்கம்

பதில்: உண்டும்மா. 1983இல் கனடாவில், பிரிட்டிஷ் கொலம்பியாவின் கோமாக்ஸ் பள்ளத்தாக்கில் மைக்கேல் லின்டன் தொடங்கிய ‘லெட்ஸ்’ (LETS) என்ற உள்ளூர்ப் பரிமாற்ற அமைப்புதான் பலருக்கு முன்மாதிரி. ஊரில் வேலை இல்லாத நேரம். தச்சர் சும்மா உட்கார்ந்திருக்கிறார், பக்கத்து வீட்டுக் கதவு உடைந்து கிடக்கிறது, நடுவில் டாலர் மட்டும்தான் இல்லை. அதைக் கணக்கிலேயே எழுதிக்கொண்டால் போச்சு! பெயர் பச்சை டாலர், மதிப்பு கனடா டாலருக்குச் சமம். எல்லோருக்கும் பூஜ்யத்தில் தொடக்கம். கதவைச் சரிசெய்தால் தச்சருக்கு பிளஸ் 40, வீட்டுக்காரருக்கு மைனஸ் 40. வட்டி கிடையாது. மரத்துக்கும் ஆணிக்கும் ஆன செலவைத் தனியே ரொக்கமாக வாங்கிக்கொள்ளலாம்.

நம் மொய் நோட்டு ஞாபகம் வருகிறதா? மொய்யை வைத்தவருக்கேதான் திருப்பி வைக்க வேண்டும். இங்கே அப்படியில்லை. வீட்டுக்காரர் வேறு யார் பிள்ளைக்கோ பியானோ சொல்லிக்கொடுத்தாலும் கணக்கு நேராகிவிடும்.

கம்பி நீட்டுகிறவரா? லெட்ஸில் யாருடைய இருப்பு எவ்வளவு, வரவு செலவு எவ்வளவு என்று எந்த உறுப்பினரும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். ‘மைனஸ் 900, பதிலுக்கு ஒரு துரும்பைக்கூடக் கிள்ளிப் போட்டதில்லை’ என்றால் அவர் வீட்டு வேலைக்குப் போகாதீர்கள். யாரும் கட்டாயப்படுத்த முடியாது.

என் பயம் வேறு. எங்கள் குடியிருப்பிலும் முயன்று பார்த்தோம். மூன்றாம் மாடியில் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். மூன்று பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்து 600 புள்ளி சேர்த்தார். மாதாமாதம் கண் ஆஸ்பத்திரிக்கு யாராவது ஸ்கூட்டரில் கூட்டிப்போனால் போதும் என்பது அவர் கணக்கு. பெற்றோருக்கோ தங்கள் பெயருக்கு நேரே மைனஸ் 200 என்று இருந்ததைப் பார்க்கவே கூச்சம். “கடன் வேண்டாம் சார்” என்று கவரில் ரூபாயைப் போட்டு நீட்டிவிட்டார்கள். ஒருவர் மைனஸில் போனால்தானே இன்னொருவர் பிளஸில் நிற்க முடியும்! மூன்றே மாதத்தில் நோட்டை மூடினோம்.

நீங்கள் தொடங்கினால், யாருக்கு என்ன செய்யத் தெரியும் என்று முதலில் கேட்காதீர்கள். அதற்கு எல்லோரும் கை தூக்குவார்கள். என்ன தேவை என்று எழுதி வாங்குங்கள். மைனஸுக்கு ஓர் உச்சவரம்பும் வையுங்கள், அதுவரை போவது தப்பில்லை என்று எல்லோருக்கும் புரியும்.

வாத்தியார் இப்போது ரொக்கமாகவே ஃபீஸ் வாங்குகிறார். ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில்தான் போகிறார்.