விடால் பாசிட்டிவ்: கிருமி இன்னும் உள்ளே இருக்கிறதா?

கேள்வி: டைபாய்டு வந்து, 14 நாள் மாத்திரை சாப்பிட்டு, காய்ச்சல் விட்டு ஆறு வாரம் ஆகிறது. மனது கேட்காமல் நானே லேபில் விடால் டெஸ்ட் எடுத்தேன். ‘ஹெச்’ 1:160, பாசிட்டிவ். நாக்கு வெள்ளையாக இருக்கிறது, முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது. இணையத்தில் படித்துப் பயந்து, வீட்டில் மிச்சமிருந்த ஆன்டிபயாட்டிக்கை மறுபடி போட ஆரம்பித்துவிட்டேன். கைக்குழந்தைக்காரி நான். குழந்தைக்குத் தொற்றுமா?

பதில்: அந்த மாத்திரையை இன்றோடு நிறுத்துங்கள். குழந்தைக்குப் பால் கொடுப்பதை நிறுத்த வேண்டாம்.

விடால் டெஸ்ட் கிருமியைத் தேடுவதே இல்லை. 1896-இல் பெர்னாண்ட் விடால் என்ற பிரெஞ்சு மருத்துவர் கொண்டுவந்த சோதனை இது. கொன்று வைத்த டைபாய்டு கிருமிகள் கலந்த திரவத்தில் உங்கள் ரத்தத்திலிருந்து பிரித்த தெளிந்த நீரை (சீரம்) விட்டுப் பார்ப்பார்கள். எதிர்ப்புப் புரதம் இருந்தால், பால் திரிந்த மாதிரி துகள் துகளாகத் திரளும். 160 மடங்கு நீர்த்த பிறகும் திரள்கிறது என்பதுதான் 1:160. உங்கள் உடம்பு அந்தக் கிருமியோடு சண்டை போட்டிருக்கிறது என்று அதற்குப் பொருள். அது நமக்குத் தெரிந்த செய்திதானே? ‘ஹெச்’ எதிர்ப்புப் புரதம் (கிருமியின் வால் பகுதியை எதிர்ப்பது) குணமான பிறகும் மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் ரத்தத்தில் இருக்கும். சில வகைத் தடுப்பூசி போட்டவர்களுக்கும் ஏறியிருக்கலாம். குணமாகிவிட்டதா என்று பார்க்க விடால் உதவாது, மறுபடி எடுக்காதீர்கள்.

முடி கொட்டுவது கடும் காய்ச்சலுக்குப் பிறகு வழக்கம்தான், சில மாதங்களில் தானே வளரும். நாக்கு வெள்ளையாக இருப்பது மட்டும் டைபாய்டு இன்னும் இருப்பதற்கு அடையாளம் இல்லை.

நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்று: காய்ச்சல் திரும்ப வருகிறதா என்பது. டைபாய்டு சிலருக்குத் திருப்பி அடிக்கும், பெரும்பாலும் குணமான சில வாரங்களுக்குள். தெர்மாமீட்டரில் பாருங்கள். காய்ச்சல் திரும்ப வந்தால் ஒரு ஆன்டிபயாட்டிக் மாத்திரைகூட விழுங்காமல் மருத்துவரிடம் போய் ரத்தக் கல்ச்சருக்குக் கொடுங்கள். கிருமியையே வளர்த்து, எந்த மருந்துக்கு அது சாகும் என்றும் சொல்லும் சோதனை அதுதான். இரண்டு ஆன்டிபயாட்டிக்கை முன்கூட்டியே போட்டுவிட்டுப் போனால் கல்ச்சரில் கிருமி வளராமலே போகலாம். நோய் இருக்கும், ரிப்போர்ட்டில் இருக்காது. மிச்ச மாத்திரையை வீட்டில் வைத்திருக்காதீர்கள் என்று நாங்கள் தலைபாடாக அடித்துக்கொள்வது இதற்காகத்தான். காய்ச்சலோடு கடுமையான வயிற்றுவலியோ கறுப்பாக மலமோ சேர்ந்தால் கல்ச்சருக்குக்கூட நிற்காமல், அந்த நேரமே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

அப்புறம் குழந்தை. குணமானவர்களில் சிலருக்கு மட்டும் கிருமி பித்தப்பையில் தங்கி மலத்தில் வெளியேறிக்கொண்டே இருக்கும். அதைக் காட்டுவது மலக் கல்ச்சர். மாத்திரையை நிறுத்திச் சில நாள் கழித்து, எப்போது, எத்தனை முறை கொடுப்பது என்று உங்களைப் பார்த்த மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்; ஒரு தடவை நெகட்டிவ் வந்தால் போதாது. அதுவரை கழிப்பறை போய் வந்ததும், சமைக்கும் முன்னும், குழந்தையைத் தூக்கும் முன்னும் சோப்புப் போட்டு நக இடுக்கு வரை கையைத் தேய்த்துக் கழுவுங்கள். உங்களிடமிருந்து குழந்தைக்குக் கிருமி போகும் வழி அந்தக் கைதான்.